டெல்மரின் விரலும் ஆர்லோவின் காதும்

வெர்னா ஹாகன் என்ற பெயருக்குப் பின்னால் எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். மில்லில் அவளுடைய அறைக் கதவில் தொங்கும் பலகையைப் பார்த்துவிட்டு, இது பேரா லாரி நம்பரா என்று கேட்காத ஆள் எங்கள் ஊரில் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள். "உன் முதுகு பிடிச்சுக்கிட்டா தெரியும், வா" என்பாள்.

அந்த எழுத்துகள் ஒன்றும் தெருவில் கிடைத்தவை அல்ல. ஸ்போகேன் நகரத்து ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் பல வருஷம் நர்ஸாக அல்லாடியவள் அவள். பிறகு பனியில் மலைக்கணவாயைத் தாண்டி வண்டி ஓட்டிப் போய் மேல்பட்டம் படித்தாள். ஆளைச் சோதித்து, நோய் இன்னதென்று சொல்லி, மருந்து எழுதித் தரும் உரிமையுள்ள நர்ஸ் பிராக்டிஷனர் ஆவதற்கு ஒரு பரீட்சை. உழைக்கிற ஜனங்களின் உடம்பைப் பார்ப்பதற்கென்று இன்னொரு பரீட்சை. காது சோதிக்கும் மெஷின் முன்னால் உட்கார ஒரு பயிற்சி, மூச்சு ஊதச் சொல்லும் மெஷினுக்கு வேறொரு பயிற்சி. இத்தனையும் முடித்தவள் பெரிய நகரத்தில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருக்கலாம். அவளோ இடாஹோ மலைக்காட்டில், மரம் அறுக்கும் மில்லில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தாள். பிறந்த ஊர் என்பதற்காக வந்தாள் என்று சொல்வார்கள். இல்லை. வேலை பிடித்துத்தான் வந்தாள்.

உண்மையிலேயே பிடித்திருந்தது. காலையில் ஒருவன் கண்ணில் மரத்தூளோடு வருவான். மதியம் ஒருவன் கிழிந்த கட்டைவிரலைத் துணியில் சுற்றிக்கொண்டு, ஒன்றுமில்லை, ஒரு பிளாஸ்திரி போதும் என்று சாதிப்பான். உட்கார வைத்துத் தையல் போடுவாள். ரத்த அழுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவனைப் பிடித்துத் திட்டுவாள். தூள் இருமல்காரர்களை ஊதச் சொல்லி நுரையீரலை அளப்பாள். இடுப்பு ஒடிந்து வீட்டில் கிடந்தவன் திரும்பி வந்தால் எவ்வளவு தூக்கலாம், எதைத் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுப்பாள். வாரத்தில் ஒரு நாள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மில்லுக்குள் நடப்பாள். எவன் எப்படிக் குனிகிறான், எவன் முகமூடியைக் கழுத்தில் மாலையாகப் போட்டிருக்கிறான் என்று பார்ப்பதற்குத்தான் அந்த நடை.

அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்த அறையில் தெரிந்துகொண்டது ஆபீஸுக்குப் போகாது. இந்த ஆள் இந்த வேலை செய்யலாம், செய்யக் கூடாது, இன்ன நிபந்தனையோடு செய்யலாம். அவ்வளவுதான் மேனேஜர் ரஸ் டூலிக்குக் கிடைக்கும். அவருக்கு அது ஆகவே ஆகாது. தொழிலாளிகளோ அதை நம்பவே மாட்டார்கள். கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவள் கம்பெனிப் பாட்டைத்தான் பாடுவாள் என்பது அவர்கள் கட்சி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் அவள் பிழைப்பு. ஆனாலும் இரவில் நன்றாகத் தூங்குகிறவள்.

இனி எங்கள் மில்லைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய ரம்பம் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவன் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. காதில் அடைப்பு வேறு. அதனால் அப்பன் பாட்டன் காலத்திலிருந்தே இங்கே கைகள்தான் பேசும். கட்டையை இறக்கு, நிறுத்து, எத்தனை அங்குலம் என்பதெல்லாம் கையில் உண்டு. அதோடு நின்றால் பரவாயில்லை. எவன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனாள், நேற்று மீன் எவனுக்கு மாட்டியது, மேஸ்திரி எவ்வளவு பெரிய கழுதை என்று மேஸ்திரியின் முதுகுக்குப் பின்னாலேயே விரல்கள் வம்பளக்கும். வெர்னாவுக்கு அந்தப் பாஷையில் நாலைந்து சொல்தான் தெரியும். அவளைப் பார்த்ததும் எல்லோரும் நெஞ்சில் சிலுவை போட்டுக் காட்டுவது 'நர்ஸ்' என்பதற்கான சைகை என்பது மட்டும் அவளுக்கு முதல் நாளே புரிந்துவிட்டது.

அந்த வசந்தத்தில் காது சோதனை தொடங்கியது. வருஷத்துக்கொரு முறை எல்லோரும் வந்தாக வேண்டும். அறையின் மூலையில் அலமாரி மாதிரி ஒரு கூண்டு. கனமான கதவு, சின்னக் கண்ணாடி ஜன்னல். உள்ளே உட்கார்ந்து காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே வெர்னா மெஷினில் ஓசையை அனுப்புவாள். கேட்டால் உள்ளிருப்பவன் பொத்தானை அழுத்த வேண்டும். அவள் ஓசையைக் குறைத்துக்கொண்டே போவாள். எங்கே அழுத்துவது நிற்கிறதோ அதுதான் அந்தக் காதின் எல்லை. ஒவ்வொரு முறை ஓசை போகும்போதும் மெஷினில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும்.

கூண்டில் இருப்பவன் ஜன்னலைப் பார்த்து உட்காரும்படி நாற்காலி போட்டிருந்தது. அப்படிப் போடக் கூடாது; பயிற்சியிலேயே சொல்லித் தருவார்கள். ஆனால் அடைத்த பெட்டிக்குள் சிலருக்கு மூச்சு முட்டும், முகத்தைப் பார்த்துக்கொள்ளலாமே என்று வெர்னா அதை அப்படியே விட்டுவைத்திருந்தாள். நல்ல மனதோடு செய்த தப்புதான். தப்பு தப்புதானே.

ஆர்லோ பிகெட்டின் முறை வந்தது. ஆர்லோ எங்கள் மில்லின் ரம்பக்காரன். உயரத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பெரிய ரம்பத்தை ஓட்டுபவன். ஒரு கட்டையைப் பார்த்ததும் அதற்குள் எத்தனை பலகை என்று சொல்பவன். ரம்பம் பிசகினால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவன். பள்ளிக்கூடத்தில் வெர்னாவுக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவன். அன்று அவனோடு டெல்மர் கோஸ்கியும் வந்து, அடுத்த முறை தனக்குத்தான் என்று வெர்னாவின் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். டெல்மர் ரம்பத்துக்குக் கீழே பலகை ஒதுக்குபவன், ஆர்லோவின் தோழன், வயதில் இளையவன். பெஞ்சில் இருப்பு கொள்ளாமல் தொப்பி விளிம்பைத் தொட்டுக்கொண்டே இருந்தான். தலையில் பேனோ என்று வெர்னா நினைத்தாள்.

ஆர்லோ எல்லாவற்றுக்கும் அழுத்தினான். அவள் குறைத்தாள், அழுத்தினான். இன்னும் குறைத்தாள், அழுத்தினான். மெஷினில் அதற்குக் கீழே போக வழியில்லை என்கிற இடத்திலும் அழுத்தினான். இரண்டு காதும் அப்படியே.

அவர்கள் போன பிறகு வெர்னா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை வருஷம் ரம்பத்தோடு குடித்தனம் நடத்தியவனுக்குப் பச்சைக் குழந்தையின் காது! போன வருஷத்தைவிட இந்த வருஷம் நன்றாகக் கேட்கிறதாம். கெட்ட காது திரும்பி முளைக்குமா என்ன? மெஷின்தான் கெட்டுவிட்டது என்று தன் காதிலேயே மாட்டிச் சோதித்தாள். மெஷினுக்கு ஒரு குறையும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது, எப்படி மறைத்தார்கள் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் மில்லுக்குள் நடந்தபோது அதுவும் தெரிந்தது. டெல்மர் மேலே நிமிர்ந்து தொப்பி விளிம்பை விரலால் தொட்டான். கண்ணாடி அறையில் ஆர்லோ உடனே கட்டையை நகர்த்தினான். மறுபடி தொட்டான், மறுபடி கட்டை நகர்ந்தது. 'இப்போ' என்பதற்கு எங்கள் மில்லில் அதுதான் சைகை. வெர்னாவுக்கு முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விளக்கு எரியும்போதெல்லாம் தன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து ஒருவன் 'இப்போ' சொல்லியிருக்கிறான். பாவிகள், நடுவில் நாலைந்தைத் தவற விடுவோம் என்று கூடவா தோன்றாது? நின்ற இடத்திலேயே சிரித்து முடித்தாள். அறைக்குத் திரும்பும்போதுதான் இன்னொன்று உறைத்தது. நன்றாகக் கேட்கிறவன் ஏன் திருட்டுத்தனம் செய்ய வேண்டும்?

அன்றைக்கே ஆர்லோவைக் கூப்பிட்டனுப்பினாள்.

"நேத்து நீ கேட்டது உன் காதால இல்ல, டெல்மர் விரலால. சரிதானே?" என்றாள்.

ஆர்லோ மறுக்கவில்லை. முகம் மட்டும் இறுகிப்போனது. "என்னையும் ஹாப் டில்லரி மாதிரி மரப்பட்டை கூட்ட அனுப்பப் பாக்குற" என்றான்.

ஹாப் டில்லரி பழைய ரம்பக்காரர். காது போன பிறகு அவரைக் கீழே இறக்கித் துடைப்பத்தைக் கையில் கொடுத்தது நிர்வாகம். மனிதர் அதிலேயே உடைந்துபோனார். அது வெர்னா வருவதற்கு முன் நடந்த கதை. அப்போதிருந்த நர்ஸ்தான் போட்டுக்கொடுத்தாள் என்று ஊரில் பேச்சு. வெர்னா சொல்லிப் பார்த்தாள். இங்கே தெரிவது ஆபீஸுக்குப் போகாது, ஒரு காது மந்தமென்றால் அதற்கு ஏற்பாடு உண்டு, முதலில் என்னவென்று பார்க்க வேண்டும் என்றாள்.

"எல்லா நர்ஸும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்று எழுந்து போய்விட்டான். கதவைக்கூட அறையவில்லை. அறைந்திருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

அவள் பாடு தர்மசங்கடம். சோதனைக்கு வர மறுக்கிறான் என்று ரஸ் டூலிக்கு ஒரு வரி போட்டால் போதும், ஆர்லோவைத் தரதரவென்று இழுத்து வந்து உட்கார வைப்பார்கள். ஆனால் அதற்கப்புறம் இந்த மில்லில் ஒருத்தனும் உண்மையான வலியோடு அவள் கதவைத் தட்ட மாட்டான். சும்மா விட்டால் அந்தக் காதுக்குள் என்ன இருக்கிறதோ, அது இருந்துகொண்டே இருக்கும். இந்தச் சமயம் பார்த்து ரஸ் காப்பிக் கோப்பையோடு வந்து நின்றார். ரம்பக்காரன் காது எப்படி, எனக்குத் தெரிய வேண்டாமா என்றார்.

"வேலை செய்யலாமா கூடாதான்னு கேளுங்க, சொல்றேன். காதைப் பத்திக் கேட்டா எனக்குக் காது கேக்காது" என்றாள் வெர்னா. அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

இரண்டு நாள் கழித்து டெல்மர் வந்தான். கையில் சிராய் ஏறிவிட்டதாம். கையை நீட்டினான், சிராயும் இல்லை, கீறலும் இல்லை. வெர்னா கதவைச் சாத்தினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கட்டை அடுக்கும் முற்றத்தில் அவனும் ஆர்லோவும் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்களாம். வலது பக்கமிருந்து கட்டை தூக்கும் லோடர் வண்டி பின்னோக்கி வந்திருக்கிறது. செத்தவனும் எழுந்து உட்காரும்படி அது அலறும். ஆர்லோ பாட்டுக்கு அதன் குறுக்கே நடந்திருக்கிறான். டெல்மர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தான். ஏன்டா இழுத்தாய் என்று சண்டை வேறு பிடித்திருக்கிறான். சொல்லி முடித்துவிட்டு டெல்மர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் நல்லது பண்றதா நெனச்சேன் நர்ஸம்மா. இப்ப அவரைக் கொன்னுருவேன் போலருக்கு."

"ஆர்லோவைப் பத்தி நான் உன்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது, டெல்மர்" என்றாள் வெர்னா. "ஆனா உன் கை உன்னோடது."

மறுநாள் ரம்பத்தின் தகட்டை மாற்றுவதற்காக அதை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். மற்ற மெஷின்கள் வழக்கம்போல் உறுமிக்கொண்டிருந்தன. ஆர்லோவை மறுபடி சோதனைக்கு வரச் சொல்லிவிட்டு வெர்னா படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தாள். மேலே கண்ணாடி அறையிலிருந்து ஆர்லோ டெல்மரைப் பார்த்துக் கையை அசைத்தான். நெஞ்சில் சிலுவை, பிறகு காது, பிறகு தொப்பி விளிம்பு. நர்ஸ் கூப்பிட்டிருக்கிறாள், இன்னொரு தடவை உதவு என்கிறான் என்று அவளுக்கே புரிந்தது. டெல்மர் அவனை நிமிர்ந்து பார்த்தான். இரண்டு கையையும் மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

வெளியாருக்கு அது ஒன்றுமில்லை. எங்கள் மில்லில் ஒருவன் கையைப் பைக்குள் போட்டால் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திய மாதிரி. ஆர்லோ மறுபடி கேட்டான். கெட்ட சைகை ஒன்றைக் காட்டித் திட்டினான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். டெல்மருக்குக் கண் கலங்கியது, ஆனால் கை பையிலேயே இருந்தது.

வேலை முடிந்ததும் ஆர்லோ தனியாக வெர்னாவின் அறைக்கு வந்தான்.

"அந்த நாற்காலியைத் திருப்பிப் போடு" என்றான்.

சத்தத்தில் களைத்த காதைச் சோதிக்கக் கூடாது, நாளைக் காலையில் வா என்றாள் அவள். காலையில் அவளுக்கு முன்னால் வந்து வாசலில் நின்றிருந்தான். கூண்டின் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். இடது காது ரம்பக்காரன் காது எப்படி இருக்குமோ அப்படி இருந்தது, கொஞ்சம் தேய்ந்து, கொஞ்சம் மழுங்கி. வலது காதில் அவள் ஓசையை ஏற்றினாள், ஏற்றினாள், ஏற்றிக்கொண்டே போனாள். பொத்தான் அழுந்தவே இல்லை.

காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். அழுக்கில்லை, சீழில்லை. பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறதா? தள்ளாடுகிறது, பீரால் என்று நினைத்தேன் என்றான். பீர் குடிக்காத அன்றைக்கு? யோசித்துவிட்டு, அன்றைக்கும்தான் என்றான். சவரம் செய்யும்போது வலது கன்னத்தில் கத்தி படுவது தெரிகிறதா? ஆர்லோ கன்னத்தைத் தடவிப் பார்த்தான். அங்கே ஆறிய வெட்டு ஒன்று இருந்தது. எப்போது வெட்டிக்கொண்டான் என்று அவனுக்கே தெரியவில்லை.

வெர்னா அவன் எதிரில் உட்கார்ந்தாள். "ரம்பச் சத்தம் காதைத் தின்னா ரெண்டையும் சேத்துத்தான் தின்னும். உனக்கு ஒண்ணு மட்டும் போயிருக்கு, கன்னமும் மரத்திருக்கு. இது மில்லோட வேலை இல்ல ஆர்லோ. நரம்புல ஏதோ இருக்கலாம். ஸ்கேன் எடுக்கணும். நானே எழுதித் தர்றேன்."

"பயப்படணுமா?"

"பயப்படு. பயந்துக்கிட்டே ஸ்போகேனுக்குப் போ. வியாழக்கிழமை."

ஆபீஸுக்கு அன்று ஒரே ஒரு தாள் போனது. ஆர்லோ பிகெட் ரம்பத்தில் உட்காரலாம், வண்டி ஓடும் முற்றத்தில் நடக்கக் கூடாது. ஏன் என்று ரஸ் டூலி இரண்டு முறை கேட்டார். வெர்னா இரண்டு முறையும் காப்பி குடித்தாள்.

காது நரம்பில் கட்டி இருந்தது. வேர்க்கடலை அளவுதான். புற்று இல்லை. விட்டிருந்தால் வளர்ந்து மூளையின் தண்டையே நெரித்திருக்கும், இப்போதே வந்தது நல்லது என்றார் ஸ்போகேன் டாக்டர். மண்டையைத் திறந்து எடுத்தார்கள். வலது காது போனது போனதுதான். ஆள் பிழைத்தான். டெல்மர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தானாம். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் நாளெல்லாம் கையாலேயே சண்டை போட்டுச் சமாதானம் ஆனார்களாம். மில்லில் தச்சர்கள் யாரும் சொல்லாமலே வந்து கூண்டு நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பி ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். வெர்னா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், வெட்கமும் பட்டாள்.

இலையுதிரும் காலத்தில் ஆர்லோ வேலைக்குத் திரும்ப வந்தான். மனைவி நாடீனும் கூட வந்திருந்தாள். வேலைக்குத் தகுதியா என்று பார்ப்பது வெர்னாவின் பொறுப்பு. கோட்டில் நடக்க வைத்தாள், கண்ணை மூடி நிற்க வைத்தாள், ரம்ப அறையின் ஏணியில் ஏறி இறங்க வைத்தாள். திருப்தியானதும் எழுதினாள்: ரம்பத்தில் உட்காரலாம், முற்றத்தில் தனியாக நடக்கக் கூடாது, மற்றவர்கள் இவரோடு கையால் பேச வேண்டும். கடைசி நிபந்தனையைப் படித்துவிட்டு ஆர்லோ ரொம்ப நேரம் சிரித்தான்.

அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து நாடீன் வெர்னாவின் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வருஷமா வண்டியில நான் பேசிக்கிட்டே வருவேன். இந்த மனுஷன் ரோட்டையே பாத்துக்கிட்டு ஓட்டுவாரு. வீட்டுலயும் காதுல வாங்காத மாதிரி போயிருவாரு. என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நெனச்சேன். போன மார்ச்சுல அக்கா வீட்டுக்குப் போயிரலாம்னு துணியெல்லாம் மடிச்சு வச்சுட்டேன்."

ஆர்லோவின் முகம் வெளுத்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ?"

"சொன்னேன்" என்றாள் நாடீன். "சர்ச்சுக்குப் போறப்ப, வண்டியில சொன்னேன். நான் போறேன், இருன்னு சொன்னா இருக்கேன்னேன். நீ பேசாம ஓட்டிக்கிட்டே இருந்த."

ஆர்லோவின் கை வலது காதுக்குப் போனது. இங்கே வண்டியில் ஸ்டியரிங் இடது பக்கம், பெண்டாட்டியின் இடம் ஓட்டுபவனுக்கு வலது பக்கம். எங்கள் ஊர் ஆம்பளைகள் கை ஒடிந்தாலொழிய பெண்டாட்டியிடம் வண்டியைக் கொடுக்க மாட்டார்கள். ஆர்லோ மட்டும் விதிவிலக்கா?

"அப்புறம் ஏன் போகல?" என்று வெர்னாதான் கேட்டாள்.

"அன்னைக்கு ராத்திரி தூக்கத்துல என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. விடல" என்றாள் நாடீன்.

ஆர்லோ குனிந்து மூக்கை உறிஞ்சினான். பிறகு பைக்குள் கைவிட்டு வண்டிச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான். "நீ ஓட்டு. நான் அந்தப் பக்கம் உக்காந்துக்கிறேன்" என்றான்.

வெர்னா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாடீன் இருக்கையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கியரைக் கரகரவென்று மாற்றி, வண்டியைக் குலுக்கி எடுத்தாள். ஆர்லோ இடது காதை அவள் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தான். கேட்டைத் தாண்டும்வரை அவள் வாய் ஓயவில்லை. அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே போனான்.